வானத்தில் சிங்கக்குட்டி, வகுப்பில் கடதாசி இல்லை



வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளை, கொட்டாஞ்சேனை, மட்டக்குளி என்று இந்தப் பக்கத்தைப் பார்க்கிற எல்லோருக்கும் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். வேலை இருந்தால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வாசியுங்கள். பாதியில் நிறுத்திவிட்டு கமெண்டில் சண்டைக்கு மட்டும் வராதீர்கள்.

சொல்ல வருவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இலங்கை விமானப்படையை நவீனமாக்க வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் போர் விமானம் வாங்குவதற்கும் பழைய கிபிரைத் திருத்துவதற்கும் நவீனமாக்கல் என்று பெயர் வைக்காதீர்கள். இந்த நாட்டு வானத்தில் அன்றாடம் என்ன வேலை நடக்கிறதோ அந்த வேலைக்குத் தேவையானதை வாங்க வேண்டும். ஹெலிகொப்டர், கடலைக் கண்காணிக்கும் விமானம், சாமான் ஏற்றும் விமானம், ராடார். மிச்சமெல்லாம் அணிவகுப்புக்குப் படம் காட்டுகிற சாமான்.

"சேர், பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற வேலையைப் பாருங்க, விமானப்படை உங்களுக்கு என்னத்துக்கு?" என்று கேட்கிறவர்கள் உண்டு. கடையில் வாங்குகிற சாமானுக்கு நூற்றுக்கு 18 வற் வரி கட்டுகிறோம். வெள்ளவத்தைச் சந்தையில் கூடை தூக்குகிற அக்காவும் கட்டுகிறார், நானும் கட்டுகிறேன். அந்தக் காசில்தான் விமானம் பறக்கிறது. காசு கொடுத்தவன் கணக்குக் கேட்பது தேசத் துரோகமா? அரசாங்கத்தின் கையில் இருப்பது நம்முடைய அமானிதம். அமானிதத்துக்குக் கணக்குக் கேட்காமல் இருப்பதுதான் குற்றம்.

இந்தப் பேச்சு சூடு பிடித்தது 2025 மே மாதத்தில். இந்தியாவும் பாகிஸ்தானும் நான்கு நாட்கள் மோதிக்கொண்டன. அந்த நான்கு நாட்களில் நம்முடைய வட்ஸ்அப் குரூப்புகளில் எத்தனை விமானப்படைத் தளபதிகள் உருவானார்கள்! ரஃபால் பெரிதா, ஜே-10சி பெரிதா என்று நள்ளிரவு வரை வாதம். கடைசியில் எல்லோரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: "நமக்கும் இப்படி ஒன்று வேணும். போர் விமானம் இல்லாத நாடு கதவில்லாத வீடு மாதிரி."

சரி, கதவின் விலையைப் பார்ப்போம். இந்தியா 2016 இல் 36 ரஃபால் வாங்க ஒப்பந்தம் போட்டது ஏறத்தாழ 7.8 பில்லியன் யூரோவுக்கு. நாடு வங்குரோத்தான பிறகு சர்வதேச நாணய நிதியம் 2023 மார்ச்சில் நமக்கு ஒப்புக்கொண்ட கடன் ஏறத்தாழ 3 பில்லியன் டொலர். அதுவும் நான்கு ஆண்டுகளில், தவணை தவணையாக, ஒவ்வொரு தவணைக்கும் பரீட்சை வைத்துத் தருகிறார்கள். அந்தக் கடனுக்காக மின் கட்டணம் ஏறியது, வரி ஏறியது. அந்தப் பணத்தைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல் அந்த 36 விமானங்கள். நமக்கு 36 வேண்டாம், 6 போதும் என்பீர்கள். ஆறு வாங்கினாலும் விமானி வேண்டும், அவருக்கு ஆண்டு முழுவதும் பறப்பு மணித்தியாலம் வேண்டும், உதிரிப்பாகம் வேண்டும், ஏவுகணை வேண்டும், இயந்திரத்துக்குக் குறித்த காலத்தில் முழுப் பராமரிப்பு வேண்டும். விமானத்தின் விலை முற்பணம் மாதிரி. உண்மையான செலவு அதற்குப் பிறகுதான் ஆரம்பம். கலியாணத்துக்குக் கடன் வாங்கினவர்களுக்கு இது விளங்கும்.

ஒரு தம்பி ஒரு படி மேலே போய், வானத்தில் பறந்துகொண்டே எரிபொருள் நிரப்பும் டேங்கர் விமானமும் வேண்டும் என்று எழுதியிருந்தார். அமெரிக்காவுக்கு அது தேவை, கடல் தாண்டிக் கடல் தாண்டிப் போய்க் குண்டு போடுகிற நாடு. இந்தியாவும் இல்யூஷின் டேங்கர் வைத்திருக்கிறது, அது ஒரு துணைக்கண்டம். நம்முடைய தீவு வடக்கிலிருந்து தெற்கு வரை 432 கிலோமீற்றர். கட்டுநாயக்காவில் கிளம்புகிற ஜெட் பருத்தித்துறைக்குப் போக அரை மணித்தியாலமும் வேண்டாம். எங்கே போக டேங்கர்? நமக்கு 2022 இல் தேவைப்பட்டது பெற்றோல் ஷெட்டுக்கு வரவேண்டிய பௌசர். இரண்டு நாள், மூன்று நாள் என்று வரிசையில் நின்றோம். வரிசையில் நின்றபடியே உயிரை விட்டவர்களும் இருக்கிறார்கள். அதை அதற்குள் மறந்துவிட்டோமா?

இனி கிபிருக்கு வருகிறேன். ஹீப்ரு மொழியில் கிபிர் என்றால் சிங்கக்குட்டி. இஸ்ரேல் பிரெஞ்சு மிராஜ் விமானத்தின் வடிவத்தை எடுத்து, அமெரிக்க இயந்திரத்தைப் பொருத்திச் செய்தது. முதன்முதலாகப் பறந்தது 1973 இல். இஸ்ரேல் தன் விமானப்படையிலிருந்து அதை 1990களில் கழற்றிவிட்டது. அதே 1990களில், 1996 இல், நாம் வாங்க ஆரம்பித்தோம். அந்த விமானங்களில் 5 ஐப் புதுப்பிக்க 2021 இல் இஸ்ரேல் ஏரோஸ்பேஸ் நிறுவனத்தோடு 50 மில்லியன் டொலருக்கு ஒப்பந்தம். அன்றைய வீதத்தில் ஏறத்தாழ 10 பில்லியன் ரூபா.

அந்த 2021 எந்த ஆண்டு என்று ஞாபகப்படுத்துகிறேன். டொலர் மிச்சம் பிடிக்க வேண்டும் என்ற நெருக்கடியில் இரசாயன உரத்தை ஒரே இரவில் நிறுத்தின ஆண்டு. விவசாயி வயலில் நின்று அழுத ஆண்டு. அடுத்த ஆண்டு மார்ச்சில் நம்முடைய மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையை ஒத்திவைத்தார்கள். காரணம், வினாத்தாள் அச்சடிக்கக் கடதாசியும் மையும் இறக்குமதி செய்ய டொலர் இல்லை. வெளிநாட்டுப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. ஏப்ரல் 12 ஆம் திகதி நாடு கடன் கட்ட முடியாது என்று கைவிரித்தது. சிங்கக்குட்டிக்கு 50 மில்லியன் டொலருக்கு ஒப்பந்தம் எழுதின நாட்டில், ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு நாலு பக்கக் கடதாசி இல்லை. ஆசிரியனாக இருக்கிற நான் இதைப் பேசாமல் வேறு யார் பேசுவது?

"அது இஸ்ரேல் விமானம், அதனால்தான் இவர் எதிர்க்கிறார்" என்று ஒரு குரல் வரும். இஸ்ரேலோடு எனக்கு இருக்கும் கணக்கு வேறு. காஸாவில் நடந்ததைப் பார்த்த பிறகும் அந்த நாட்டு ஆயுதக் கம்பனிக்கு என் வரிப்பணம் போவது எனக்குச் சம்மதமில்லை, அதை மறைக்க மாட்டேன். ஆனால் நம்மவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். 2016 ஜனவரியில் பாகிஸ்தான் பிரதமர் நவாஸ் ஷெரீப் கொழும்பு வந்தபோது, நாம் ஜேஎப்-17 விமானம் வாங்கப் போகிறோம் என்று செய்தி பரவியது. அரசு மறுத்தது. அன்றைக்கு நம்மில் எத்தனை பேர் விலை என்ன, தேவை என்ன என்று கேட்டோம்? இஸ்ரேல் விமானம் என்றால் கண்டனம், பாகிஸ்தான் விமானம் என்றால் கைதட்டல் என்றால், நமக்குக் கொள்கை இல்லை, கட்சி மட்டும்தான் இருக்கிறது. தேவையில்லாத விமானம் எந்த நாட்டுக் கொடியோடு வந்தாலும் வீண்விரயம். வீண்விரயத்துக்கு மார்க்கத்தில் என்ன பெயர் என்று நான் சொல்லித் தரவேண்டியதில்லை.

கிபிர் என்ற சொல் வெள்ளவத்தையில் ஒரு மாதிரியும் மற்ற இடங்களில் வேறு மாதிரியும் கேட்கும். வன்னியிலிருந்து வந்து இங்கே வாடகை வீட்டில் இருக்கிற தாய்மாரிடம் கேட்டுப் பாருங்கள். "கிபிர் வருது, பங்கருக்குள்ள ஓடு" என்பது அவர்கள் பிள்ளைக்கு முதல் சொல்லிக் கொடுத்த வசனங்களில் ஒன்று. 2006 ஒகஸ்ட் 14 செஞ்சோலை. அது புலிகளின் பயிற்சி முகாம் என்று அரசு சொன்னது. செத்தவர்களில் பெரும்பாலானோர் பள்ளிக்கூட வயதுப் பெண் பிள்ளைகள். அதே நேரம் 1990 ஒகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தவர்களையும், அந்த ஒக்டோபரில் வடக்கிலிருந்து ஒரு சமூகமே உடுத்த உடுப்போடு துரத்தப்பட்டதையும் மறக்காத முஸ்லிம்கள், படை பலமாக இருந்தால்தான் நமக்குப் பாதுகாப்பு என்று நினைத்தார்கள். அந்தப் பயத்தையும் நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் இரண்டு பக்கத்து நினைவையும் வைத்து இன்னொரு விமானத்துக்கு விலைச்சிட்டு எழுத யாரையும் விடக்கூடாது.

எதிர்த் தரப்பின் பலமான வாதத்துக்கு வருவோம். "புலிகள் விமானத்தில் வந்து கொழும்புக்குக் குண்டு போடவில்லையா? அன்றைக்கு ஜெட் தேவைப்படவில்லையா?" நியாயமான கேள்வி. 2007 மார்ச் 26 கட்டுநாயக்கா தளத்தில் முதல் தாக்குதல். ஏப்ரல் 29 அதிகாலை, உலகக் கிண்ண இறுதி ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்த கொழும்பு இருட்டில் மூழ்கியது, கொலன்னாவைப் பக்கம் குண்டு விழுந்தது. கொட்டாஞ்சேனையில் மொட்டை மாடியில் நின்று வானத்தில் சிவப்புக் கோடுகளாகப் பறந்த வெடிகளைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2008 ஒக்டோபரில் களனிதிஸ்ஸ மின் நிலையம்.

வந்தது என்ன விமானம்? செக் நாட்டுத் தயாரிப்பான சிறிய பயிற்சி விமானம், ஸ்லின். அதைப் பிடிக்க 2008 இல் சீனாவிடம் எப்-7ஜீஎஸ் ஜெட் வாங்கினார்கள். அதற்குப் பிறகும் 2009 பெப்ரவரி 20 இரவு இரண்டு விமானங்கள் தலைநகருக்கு வந்தன. ஒன்று கொம்பனித்தெருப் பக்கத்தில் இறைவரித் திணைக்களக் கட்டடத்தில் மோதியது. மற்றது கட்டுநாயக்காப் பக்கம் விழுந்தது. அன்றைக்குக் கை கொடுத்தது தரையிலிருந்த விமான எதிர்ப்புத் துப்பாக்கிகளும் அவர்களுக்கு முன்கூட்டியே தகவல் கொடுத்த ராடாரும். சின்ன விமானத்துக்கு எதிரான பாடம் அன்றே படித்துவிட்டோம்: முதலில் கண் வேண்டும், வேகம் பிறகு. இன்றைக்கு அந்தச் சின்ன விமானத்தின் இடத்தில் டிரோன் இருக்கிறது. டிரோனைத் துரத்த ரஃபாலை அனுப்புவது எலிக்கு யானையைக் கூட்டிவருகிற வேலை.

விலை கூடிய விமானங்கள் தரையில் நிற்கும்போதே எரிவதையும் நாம் பார்த்திருக்கிறோம். 2001 ஜூலை 24 விடிகாலையில் கட்டுநாயக்கா தளத்துக்குள்ளும் விமான நிலையத்துக்குள்ளும் புகுந்தது விரல்விட்டு எண்ணக்கூடிய ஒரு குழு. கிபிர், மிக், எயார்பஸ் என்று வரிசையாக எரிந்தன. அந்த ஆண்டு, சுதந்திரத்துக்குப் பிறகு முதல் தடவையாக நாட்டின் பொருளாதாரம் சுருங்கியது. 2025 ஜூனில் உக்ரைன் லொறியில் மறைத்துக் கொண்டுபோன டிரோன்களால் ரஷ்யாவின் பெரிய குண்டுவீச்சு விமானங்களைத் தளத்திலேயே கொளுத்தியது. உலகம் முழுவதும் படைகள் இதைப் பார்த்துக் கணக்கை மாற்றுகின்றன. நாம் மட்டும் 1973 வடிவத்துக்குப் புதுத் திரை பூட்டிக்கொண்டு நவீனம் என்கிறோம்.

கொலம்பியாவைப் பாருங்கள். கொழும்பு இல்லை, தென்னமெரிக்காவின் கொலம்பியா. அவர்களிடமும் கிபிர் இருந்தது. காஸா விடயத்தில் 2024 மே மாதம் இஸ்ரேலோடு இராஜதந்திர உறவை முறித்தார்கள். விமானத்தின் பராமரிப்போ இஸ்ரேல் கம்பனியின் கையில். கடைசியில் 2025 இல் சுவீடனிடம் 17 கிரிப்பன் விமானம் வாங்க ஒப்பந்தம் செய்தார்கள், 3.1 பில்லியன் யூரோவுக்கு. போர் விமானம் வாங்குவது என்பது விற்ற நாட்டோடு முப்பது ஆண்டுக்குப் போடுகிற நிக்காஹ். தலாக் சொன்னாலும் செலவு நம்முடையது.

இனிக் கொழும்பு ஆட்கள் மனதில் வைக்க வேண்டிய ஒரு திகதி: 2019 ஏப்ரல் 21. கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம் கொட்டாஞ்சேனைக்காரர்களின் வாசல். அங்கே செத்தது நம்முடைய அயலவர்கள். இஸ்லாத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு அதைச் செய்தவர்களை அல்லாஹ் பார்த்துக்கொள்வான். அதற்குப் பிறகு நம் பெண்கள் பஸ்ஸில் ஏறப் பயந்த மாதங்களையும் நான் மறக்கவில்லை. அந்தக் காலையில் நாட்டிடம் என்ன இல்லாமல் போனது? போர் விமானமா? இந்தியப் புலனாய்விடமிருந்து ஏப்ரல் 4 ஆம் திகதியே எச்சரிக்கை வந்தது. கடிதமாக வந்தது. மேசையிலிருந்து மேசைக்குப் போனது. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 100 மில்லியன் ரூபா நட்டஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது, கடமையைச் செய்யத் தவறியதற்காக. இந்த நாட்டின் ஆகப்பெரிய பாதுகாப்புத் தோல்வி ஒரு கடிதத்தை ஒழுங்காக வாசிக்காததால் வந்தது. அதற்கு எந்த விமானம் மருந்து?

சரி, அப்படியானால் விமானப்படை உண்மையில் என்ன வேலை செய்கிறது? 2020 செப்டெம்பரில் கிழக்குக் கடலில் நியூ டயமண்ட் எண்ணெய்க் கப்பல் எரிந்தபோது பெல் 212 ஹெலி போய்த் தண்ணீர் ஊற்றியது. 2021 இல் எக்ஸ்பிரஸ் பேர்ல் எரிந்தபோது, நம் வெள்ளவத்தைக் கடற்கரையிலும் பிளாஸ்டிக் மணிகள் ஒதுங்கினபோது, மேலே பறந்ததும் அதே பெல் 212. 2017 மே வெள்ளத்தில் காலி மாவட்டத்தில் மக்களைத் தூக்கும்போது ஒரு விமானப்படை வீரர் ஹெலியிலிருந்து விழுந்து உயிரை விட்டார். இவர்களை நான் மதிக்கிறேன். அந்த மதிப்பினால்தான் இந்தப் பதிவை எழுதுகிறேன்.

2025 நவம்பர் 28 டித்வா புயல் கரை தொட்டது. 600 பேருக்கும் மேல் போனார்கள். மலையகத்தில் லயங்களோடு மண்ணுக்குள் போனவர்கள். களனி கங்கை பெருகி வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பக்கம் வீடுகளின் கூரை வரை தண்ணீர். உலக வங்கி கணித்த நேரடி அழிவு 4.1 பில்லியன் டொலர். அந்த நாட்களில் வானத்தைப் பார்த்துக் கையசைத்த எவனும் கிபிருக்குக் கையசைக்கவில்லை. ஹெலிக்குத்தான் கையசைத்தான். நம்மிடம் இருந்த ஹெலி போதவில்லை. இந்தியா எம்ஐ-17 அனுப்பியது, ஐஎன்எஸ் விக்ராந்த் கப்பலின் ஹெலிகள் மக்களைத் தூக்கின. அமெரிக்கா சாமான் ஏற்ற சீ-130 அனுப்பியது. பாகிஸ்தானும் உதவி அனுப்பியது. அவர்கள் எல்லோருக்கும் நன்றி. ஆனால் நம் பிள்ளையைக் கூரையிலிருந்து தூக்க அடுத்த வீட்டுக்காரன் வரும்வரை பார்த்திருக்கிற நிலை ஏன்?

நவம்பர் 30 ஆம் திகதி நிவாரணப் பணியில் இருந்த ஒரு பெல் 212 லுணுவிலவில் விழுந்தது. விங் கொமாண்டர் நிர்மால் சியம்பலாபிட்டிய இறந்தார். அதே ஆண்டு மே 9 ஆம் திகதி மாதுரு ஓயா நீர்த்தேக்கத்தில் இன்னொரு பெல் 212 விழுந்து 6 படையினர் இறந்தார்கள். மார்ச்சில் வாரியபொலவில் கே-8 பயிற்சி விமானம் விழுந்தது, அதில் இருந்த இருவரும் தப்பினார்கள். 2023 ஒகஸ்டில் சீனன்குடாவில் பயிற்சி விமானம் விழுந்து இருவர் இறந்தார்கள். ஒவ்வொரு விபத்துக்கும் காரணத்தை விசாரணைக் குழு சொல்லட்டும். நான் நீதிபதி இல்லை. ஆனால் ஒரு கணக்கு எல்லோருக்கும் விளங்கும்: பெல் 212 ஐச் செய்வதை அந்தக் கம்பனி 1998 இலேயே நிறுத்திவிட்டது. அந்த வகையில் ஆகக் கடைசியாகச் செய்த ஹெலிகூட இன்றைக்கு இருபத்தைந்து வயதைத் தாண்டியது. நம் ஏ.எல். பிள்ளைகளை விட மூத்தது. வெள்ளத்துக்குள் போகிற விமானிக்கு நாம் கொடுக்கிற வாகனம் அது. போர் விமானம் கேட்கிற தேசபக்தர்களே, அந்த விமானி உங்கள் தேசத்தில் இல்லையா?

கடலைப் பாருங்கள். நம் பொருளாதாரக் கடல் வலயம் ஏறத்தாழ 517,000 சதுர கிலோமீற்றர், நிலத்தைப் போல எட்டு மடங்கு. போதைப்பொருள் வருகிற வழியும் அதுதான், மீன் களவு போகிற வழியும் அதுதான், நம் மீனவன் காணாமல் போகிற இடமும் அதுதான். அதைப் பார்க்கிற கண் யாருடையது? 2022 ஒகஸ்ட் 15 இந்தியா ஒரு டோர்னியர் 228 தந்தது. அடுத்த நாளே, ஒகஸ்ட் 16, சீனாவின் யுவான் வாங் 5 கப்பல் ஹம்பாந்தோட்டையில் நுழைந்தது. 2024 ஒக்டோபரில் அமெரிக்கா ஒரு கிங் எயார் தந்தது, டிசம்பரில் அவுஸ்திரேலியா ஒன்று தந்தது. டித்வாவுக்குப் பிறகு அமெரிக்கா தன் கடற்படை பயிற்சிக்குப் பாவித்து ஓய்வு கொடுத்த 10 ஹெலிகள் தருவதாக அறிவித்தது. ஸதகாவை மறுக்கச் சொல்லவில்லை. ஆனால் நம் கடலைக் கண்காணிக்கிற விமானத்தைக் கடலில் ஆர்வமுள்ள ஒவ்வொரு வல்லரசும் இலவசமாகத் தருகிறதென்றால், அது எதற்காக என்று சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். இறைமை என்றால் கிபிர் சத்தம் இல்லை. நம் கடலை நம் கண்ணால், நம் காசில் பார்ப்பது.

கடைசியாக, ஏன் எப்போதும் போர் விமானம் பக்கமே பேச்சுப் போகிறது? ஒரு காரணம் அழகு. இன்னொரு காரணம் இருட்டு. 2006 மிக்-27 கொடுக்கல் வாங்கலை ஞாபகமிருக்கிறதா? உக்ரைனிலிருந்து 4 பழைய விமானம், கூடவே இருந்தவற்றுக்குப் பழுதுபார்ப்பு, 14 மில்லியன் டொலருக்கும் மேல். பணம் போனது வெளிநாட்டில் பதிந்த பெலிமிசா ஹோல்டிங்ஸ் என்ற, யாருக்கும் தெரியாத ஒரு கம்பனிக்கு. பத்திரிகைகள் எழுதின. எழுதின பத்திரிகைகளில் ஒன்றான சண்டே லீடரின் ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க 2009 ஜனவரி 8 ஆம் திகதி அத்திடியவில், இங்கிருந்து சில கிலோமீற்றர் தூரத்தில், நடுவீதியில் கொல்லப்பட்டார். ஏன், யாரால் என்று நீதிமன்றம் இன்னும் முடித்துச் சொல்லவில்லை. 2024 டிசம்பரில் அமெரிக்க அரசு முன்னாள் தூதுவர் உதயங்க வீரதுங்கவுக்கு நுழைவுத் தடை போட்டபோது காட்டிய காரணம் இந்த மிக் விவகாரம். நம் நாட்டில் இன்னும் இறுதித் தீர்ப்பு இல்லை. கடையில் ஒரு கிலோ சீனிக்கு பில் கேட்கிற நாம், விமானத்துக்கு பில் கேட்டால் "தேசியப் பாதுகாப்பு" என்று வாயை அடைத்தார்கள். பிள்ளைகளின் சாப்பாட்டுத் திட்டத்துக்குக் கோப்பைக் கணக்குக் கேட்கிறார்கள், போர் விமானத்துக்குக் கணக்குக் கேட்கக்கூடாதாம்.

2030 க்குள் விமானப்படையின் ஆளணியை 18,000 ஆகக் குறைப்பதாக இப்போதைய அரசு சொல்லியிருக்கிறது. நல்லது. ஆளைக் குறைத்து மிச்சம் பிடிக்கிற காசு எங்கே போகும் என்பதுதான் இனிச் சண்டை. நாம் கேட்க வேண்டியது நான்கு:

1. கிபிர் புதுப்பிப்புக்கு இதுவரை கட்டின தொகை, கட்ட மிச்சமுள்ள தொகை, ஒரு மணித்தியாலம் பறக்க ஆகிற செலவு, மூன்றையும் பாராளுமன்றத்தில் வெளியிட வேண்டும். புதிய போர் விமானக் கொள்வனவு எதுவும் இந்தக் கடன் திட்டம் முடியும்வரை வேண்டாம்.

2. முதல் காசு பெல் 212 க்கு மாற்றாகப் புதிய ஹெலிகளுக்கும், அவற்றுக்கான பத்து ஆண்டு உதிரிப்பாகத்துக்கும் போக வேண்டும். வாங்கின அடுத்த ஆண்டே உதிரிப்பாகம் இல்லாமல் கொட்டகையில் நிற்கிற ஹெலி நமக்கு வேண்டாம்.

3. அடுத்தது கடல் கண்காணிப்பு விமானமும் ராடாரும். வருகிற அன்பளிப்பு ஒவ்வொன்றுக்கும் என்ன நிபந்தனை என்று மக்களுக்குச் சொல்ல வேண்டும்.

4. கேள்விப்பத்திரம் திறந்ததாக இருக்க வேண்டும். எந்தக் கம்பனி, யாருடைய வங்கிக் கணக்கு, யார் இடைத்தரகர் என்பது இரகசியமாக இருக்கத் தேவையில்லை. ஏவுகணை எத்தனை கிலோமீற்றர் போகும் என்பது இரகசியமாக இருக்கட்டும். கொமிஷன் எத்தனை வீதம் என்பது எந்த எதிரிக்கும் பயன்படாது, நமக்குத்தான் பயன்படும்.

செய்ய என்ன வழி? 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. தேசியப் பாதுகாப்புக்கு விதிவிலக்கு இருக்கிறது, ஆனால் பொதுநலன் பெரிதாக இருந்தால் தகவல் கொடுக்க வேண்டும் என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. விண்ணப்பத்தைத் தமிழில் எழுதலாம். எழுத உதவி தேவையென்றால் என்னிடம் வாருங்கள், சேர்ந்து எழுதுவோம். பள்ளிவாசல் நிர்வாக சபைகள், கோயில் சபைகள், கொச்சிக்கடைப் பங்கு மக்கள், மூன்று பக்கமும் கையெழுத்துப் போட்ட ஒரு கடிதம் கொழும்பு மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்களுக்குப் போகட்டும். வாக்குக் கேட்டு நம் தெருவுக்கு வந்தவர்கள்தானே, பதில் சொல்லவும் வரட்டும்.

தமிழன் கேட்டால் புலி, முஸ்லிம் கேட்டால் தீவிரவாதி என்று சொல்லுவார்கள் என்ற பயம் எனக்குத் தெரியும். அந்தப் பயத்தால்தான் முப்பது ஆண்டுகளாக இந்தக் கணக்கை வேறு யாரோ நமக்காக எழுதினார்கள். லுணுவிலவில் இறந்த அந்த விமானியின் வீட்டாரும் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள், பயம் குறையும்.

கமெண்டில் விலையோடும் கணக்கோடும் வாருங்கள். ரஃபால் படத்தோடு வருகிறவர்களுக்குப் பதில் எழுத எனக்கு நேரமில்லை, திருத்த வேண்டிய வினாத்தாள் மேசையில் நிறைய இருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ், இந்தத் தவணை கடதாசி வந்திருக்கிறது.

வஸ்ஸலாம்.